தில்லானா மோகனாம்பாள்

தில்லானா மோகனாம்பாள் என்பது கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தமிழ்ப் புதினமும், அதனைத் தழுவி 1968 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரைப்படமும் ஆகும். புதினம் 1957-58 ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடன் இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. திரைப்படத்தை ஏ. பி. நாகராஜன் எழுதி, தயாரித்து, இயக்கினார். சிவாஜி கணேசன், பத்மினி, டி. எஸ். பாலையா, நாகேஷ், மனோரமா முதலானோர் இதில் நடித்துள்ளனர். திரைப்படம் 1968 சூலை 27 அன்று வெளியானது.

சிக்கல் என்ற ஊரைச் சேர்ந்த நாதசுவரக் கலைஞர் ஒருவருக்கும், திருவாரூரைச் சேர்ந்த ஆடற்கலைஞர் ஒருவருக்கும் இடையே எழும் கலைப்போட்டியும் காதலுமே இதன் கதை. இவ்விரு ஊர்களும் காவிரிப் படுகையில் உள்ளவை. தொடர்கதை வெளிவந்த காலத்தில் இரண்டும் ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பின்னர் 1991 இல் நாகப்பட்டினம் மாவட்டமும், 1997 இல் திருவாரூர் மாவட்டமும் தனியே அமைக்கப்பட்டன.

கலைஞர் இருவரின் காதலுடன், ஆடற்கலைஞரான பெண் செல்வந்தரின் ஆதரவை நம்பாமல் தன் கலையைக் கொண்டே வாழ முடியுமா என்ற கேள்வியையும் இக்கதை எழுப்புகிறது. கோயில்களுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடை செய்யப்பட்டுப் பத்தாண்டுகள் கழித்து இத்தொடர்கதை வெளிவந்தது என்பது கருதத்தக்கது.

தொடர்கதை

கொத்தமங்கலம் சுப்பு (1910-1974) கவிஞர், நடிகர், வசனகர்த்தா, இயக்குநர் எனப் பல துறைகளில் பணியாற்றியவர். ஆனந்த விகடன் இதழின் உரிமையாளரான எஸ். எஸ். வாசன் நடத்திய ஜெமினி ஸ்டூடியோவில் நீண்ட காலம் இருந்தார். அந்நிறுவனத்தின் ஔவையார் (1953) படத்தை இயக்கினார். காந்தியடிகளின் வாழ்வை வில்லுப்பாட்டாகப் பாடிப் பரப்பியவர் என்ற வகையிலும் அறியப்படுகிறார். 1971 ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றார்.

தில்லானா மோகனாம்பாளை அவர் 'கலைமணி' என்ற புனைபெயரில் எழுதினார். கலைத்துறைப் பெண் ஒருவர் இடைத்தரகர்களிடம் அகப்படும் கதை அவருக்குப் புதியதன்று. ஆர். கே. நாராயணின் கதையை ஒட்டி 1947 இல் வெளிவந்த மிஸ் மாலினி என்ற திரைப்படத்தை அவர் இயக்கியிருந்தார். நாடக நடிகை ஒருத்தியைத் திரையுலகுக்கு அழைத்து வந்து, அவளது புகழைத் தன் பிழைப்புக்குப் பயன்படுத்தும் சம்பத் என்ற பாத்திரத்தில் அப்படத்தில் அவரே நடித்தார். தில்லானா மோகனாம்பாளில் வரும் சவடால் வைத்தியும் அதே வகையைச் சேர்ந்த பாத்திரம் ஆவார்.

தொடர்கதைக்கு ஓவியர் கோபுலு (1924-2015) படங்கள் வரைந்தார். அவர் தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். சண்முகசுந்தரம், மோகனா ஆகியோரின் உருவம் திரைப்படம் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே இவ்வோவியங்கள் வழியாக வாசகர் மனத்தில் பதிந்திருந்தது.

பின்புலம்

பெரிய மேளமும் சின்ன மேளமும்

காவிரிப் படுகையின் கோயில் இசை மரபில் இருவகை மேளங்கள் இருந்தன. நாதசுவரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவை அடங்கிய குழு 'பெரிய மேளம்' எனப்பட்டது. ஆடற்பெண், நட்டுவனார், பாடுவோர், மத்தளம் அல்லது மிருதங்கம், முகவீணை ஆகியவை அடங்கிய குழு 'சின்ன மேளம்' எனப்பட்டது.

பெரிய மேளம் ஆண்களுக்கு உரியதாக இருந்தது. தெருவில் சுவாமி புறப்பாட்டின்போதும், திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளிலும் அது ஒலித்தது. சின்ன மேளத்தில் ஆடும் பெண்ணே தலைமை பெற்றார். நாதசுவரத்தின் ஒலி மிகப் பெரிது. ஆகையால் ஆடலுக்குப் பின்னணியாக அது வாசிக்கப்படவில்லை. அதனினும் சிறிய, மெல்லிய ஒலியுடைய முகவீணையே ஆடலுக்கு வாசிக்கப்பட்டது. பின்னாளில் அதன் இடத்தைக் கிளாரினெட் பெற்றது.

இரு மேளத்தாரும் பெரும்பாலும் இசை வேளாளர் என்று இன்று அழைக்கப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே குடும்பத்தில் நாதசுவரக் கலைஞரும், நட்டுவனாரும், ஆடற்கலைஞரும் இருப்பதுண்டு. ஆயினும் மேடையில் இரு மேளங்களும் தனித்தனியே இயங்கின. நாதசுவரத்தின் வாசிப்புக்கு ஒரு பெண் தில்லானா ஆடுவது என்ற இக்கதையின் மையப் போட்டி, இம்மரபை அறிந்தவர்களுக்கு வியப்பளிப்பதாகும். பெரிய மேளத்தையும் சின்ன மேளத்தையும் ஒரே மேடையில் எதிரெதிராக நிறுத்தி, இறுதியில் ஒன்றுசேர்ப்பதே கதையின் அமைப்பு.

தில்லானா

தில்லானா என்பது சொற்பொருளைக் காட்டிலும் சொற்கட்டுகளுக்கும் தாளத்துக்கும் முதன்மை தரும் இசை உருப்படி ஆகும். தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியின் (ஆட்சிக்காலம் 1798-1832) அவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற உடன்பிறந்தோர் நால்வர் 'தஞ்சை நால்வர்' எனப்படுவர். அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையில் ஆடல் நிகழ்ச்சியை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்களே. இவ்வரிசையில் தில்லானா நிகழ்ச்சியின் இறுதியில் விரைவான நடையில் ஆடப்படுவது. எனவே வாசிப்பவரும் ஆடுபவரும் ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்ப்பதற்கு அது ஏற்ற களமாகும்.

நெல்லும் ஆடலும்

காவிரிப் படுகையில் ஆடற்கலை நெல்விளைச்சலை நம்பி வளர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டு ஒன்று, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவரும் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில், எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டார் என்பன அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் பலர் திருவாரூரிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு ஒரு பங்கு என்ற கணக்கில், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் வழங்கப்பட்டது. பங்கு பெற்றவர் இறந்தால் தகுதியுடைய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடரலாம் என்றும் கல்வெட்டுக் கூறுகிறது.

ஊர்ப்பெயருடன் கலைஞரின் பெயரைச் சேர்த்து வழங்கும் முறையை இக்கல்வெட்டிலேயே காணலாம். சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள் என்ற பெயர்களும் அம்முறையைப் பின்பற்றியவையே. கலைஞரின் ஊர்ப்பெயர் அவர் எந்த மரபில் பயின்றவர் என்பதையும் குறித்து நின்றது.

கோயில் நிலங்களிலிருந்து வந்த இவ்வருவாய் காலப்போக்கில் சுருங்கியது. மன்னர்களின் ஆட்சியும் முடிவுற்ற பின்னர், சமீந்தார், மிட்டாதாரர், மைனர் என அழைக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் புரவலர்களாயினர். அவர்கள் அளித்த ஆதரவு பல வேளைகளில் கலைக்காக மட்டும் அளிக்கப்பட்டதாக இருக்கவில்லை.

1947 ஆம் ஆண்டுச் சட்டம்

கோயில்களுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்ட முன்வரைவை மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930 இல் சென்னை சட்ட மேலவையில் கொண்டுவந்தார். தஞ்சைப் பகுதியில் இதற்கான இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883-1962) குறிப்பிடத்தக்கவர். தாமே அம்மரபில் வளர்ந்தவரான அவர், 1936 இல் தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்ற புதினத்தை எழுதினார். மைனர் என்ற பாத்திரம் தில்லானா மோகனாம்பாளுக்கு இருபது ஆண்டுகள் முன்பே தமிழ்ப் புதினத்தில் இடம்பெற்றதை இது காட்டுகிறது.

இம்மரபைச் சேர்ந்த பெண்கள் அனைவரும் ஒரே கருத்துடையவர்களாக இருக்கவில்லை. சட்டத்தை ஆதரித்தவர்களும் இருந்தனர். தம் கலையும் வாழ்வுரிமையும் சேர்ந்து பறிபோகும் என்று எதிர்த்தவர்களும் இருந்தனர். இறுதியில் 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டம் நிறைவேறியது.

இதே காலத்தில் சதிர் என வழங்கிய ஆடல், பரதநாட்டியம் என்ற பெயரில் சென்னையின் அரங்குகளில் மதிப்புப் பெற்றது. பிற சமூகத்துப் பெண்கள் அதனைக் கற்று மேடையேறினர். மரபாக ஆடி வந்த குடும்பங்களின் பெண்கள் பலர் மேடையை விட்டு விலகினர். ஆடல் நிலைத்தது, ஆடியவர்கள் மறைந்தனர் என்ற இந்நிலையில்தான் திருவாரூர் மோகனாம்பாள் என்ற பாத்திரம் தமிழ் வாசகர்கள் முன் வந்தது.

கதைச் சுருக்கம்

இப்பகுதி திரைப்படத்தின் கதையைக் கூறுகிறது.

நாதசுவரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரம் புகழ் மிக்கவர், முன்கோபி, தன் கலைக்குச் சிறு இழுக்கு நேர்ந்தாலும் பொறுக்காதவர். அழகர்கோயில் திருவிழாவில் அவரும் ஆடற்கலைஞர் மோகனாவும் சந்திக்கின்றனர். இருவருக்கும் காதல் உண்டாகிறது. மோகனாவின் தாய் வடிவாம்பாள் அதனை விரும்பவில்லை. தன் மகள் செல்வந்தர் ஒருவரின் ஆதரவைப் பெற்றால்தான் குடும்பம் பிழைக்கும் என்பது அவரது எண்ணம்.

சிங்கபுரம் மைனர் மோகனாவின் வீட்டுக்கு வருகிறார். இதனை அறிந்த சண்முகசுந்தரம் மோகனாவைத் தவறாக எண்ணி விலகிச் செல்கிறார். இரு குழுவினரும் ஒரே தொடர்வண்டியில் இரவில் பயணம் செய்யும் காட்சி இப்பகுதியில் இடம்பெறுகிறது.

நாகப்பட்டினத்தில் ஜில் ஜில் ரமாமணி என்பவர் நடத்தும் நாடகக் குழுவில் சண்முகசுந்தரம் சேர்கிறார். ரமாமணி அவரை உடன்பிறந்தவராகக் கருதி அன்பு காட்டுகிறார். இதனை மோகனா தவறாகப் புரிந்துகொள்கிறார். இவ்வாறு இருவரும் மாறி மாறி ஐயுறுவதால் பிணக்கு முற்றி, போட்டியாகிறது. சண்முகசுந்தரத்தின் நாதசுவர வாசிப்புக்குத் தான் தில்லானா ஆடுவதாக மோகனா அறைகூவல் விடுக்கிறார்.

போட்டி திருவாரூரில் நடைபெறுகிறது. மோகனாவின் ஆடலில் மனம் கரைந்த சண்முகசுந்தரம், அவருக்குத் 'தில்லானா மோகனாம்பாள்' என்ற பட்டத்தை அளிக்க முற்படுகிறார். அவ்வேளையில் மோகனாவை அடைய விரும்பித் தோற்ற மிட்டாதாரர் நாகலிங்கம், நஞ்சு தோய்ந்த கத்தியால் அவரது கையில் காயம் உண்டாக்குகிறார். நாதசுவரக் கலைஞருக்குக் கையே வாழ்வு ஆதலால், இக்காயம் கதையின் திருப்புமுனையாகிறது. மருத்துவமனையில் அவர் உடல்நலம் தேறுகிறார். இருவரும் மனம் ஒன்றுபடுகின்றனர்.

அதன் பின்னும் இடர் தீரவில்லை. சவடால் வைத்தியின் சூழ்ச்சியால் இரு குழுவினரும் மதன்பூர் சமத்தானத்துக்கு அழைக்கப்படுகின்றனர். அங்குள்ள மகாராஜா மோகனாவை அடைய எண்ணுகிறார். சண்முகசுந்தரம் மீண்டும் ஐயுறுகிறார். மோகனா உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறார். உண்மை வெளிப்பட்டபின் மகாராஜா தன் தவற்றை உணர்ந்து வருந்துகிறார். சண்முகசுந்தரமும் மோகனாவும் திருமணம் செய்துகொள்கின்றனர்.

நடிகர்களும் பாத்திரங்களும்

சிவாஜி கணேசன் – சிக்கல் சண்முகசுந்தரம், நாதசுவரக் கலைஞர்
பத்மினி – திருவாரூர் மோகனாம்பாள், ஆடற்கலைஞர்
டி. எஸ். பாலையா – கலியுக நந்தி முத்துராக்கு, தவில் கலைஞர்
ஏ. வி. எம். ராஜன் – தங்கரத்தினம், துணை நாதசுவரக் கலைஞர்
மனோரமா – ஜில் ஜில் ரமாமணி
நாகேஷ் – சவடால் வைத்தி
சி. கே. சரஸ்வதி – வடிவாம்பாள், மோகனாவின் தாய்
கே. ஏ. தங்கவேலு – மோகனாவின் நட்டுவனார்
கே. பாலாஜி – சிங்கபுரம் மைனர்
ஈ. ஆர். சகாதேவன் – மிட்டாதாரர் நாகலிங்கம்
எம். என். நம்பியார் – மதன்பூர் மகாராஜா

இவர்களுள் மனோரமா (1937-2015) காவிரிப் படுகையின் மன்னார்குடியில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த அவர், நாடகக் கலைஞரான ரமாமணியின் பாத்திரத்தில் நடித்தது அவரது புகழ்பெற்ற நடிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பத்மினி (1932-2006) திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அவர் நடனம் பயின்ற ஆசிரியர்களுள் ஒருவரான டி. கே. மகாலிங்கம் பிள்ளை, தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர் நட்டுவ மரபைச் சேர்ந்தவர். ஆகவே பத்மினி திரையில் ஆடிய ஆடலும் காவிரிக் கரை மரபோடு தொடர்புடையதே.

தயாரிப்பு

ஏ. பி. நாகராஜன் (1928-1977) திருவிளையாடல் (1965), சரஸ்வதி சபதம் (1966), கந்தன் கருணை (1967) ஆகிய புராணப் படங்களை இயக்கிப் பெயர் பெற்றிருந்தார். அவ்வரிசைக்குப் பின்னர் அவர் எடுத்துக்கொண்ட சமூகக் கதை தில்லானா மோகனாம்பாள் ஆகும். ஸ்ரீ விஜயலட்சுமி பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் படம் தயாரிக்கப்பட்டது. கே. எஸ். பிரசாத் வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்தார். நீண்ட தொடர்கதையை ஏறத்தாழ மூன்று மணி நேரப் படமாகச் சுருக்க வேண்டியிருந்தது. போட்டி, பிணக்கு, புரவலர் மூவரின் குறுக்கீடு ஆகியவற்றை முதன்மைப்படுத்தித் திரைக்கதை அமைக்கப்பட்டது.

இசை

படத்துக்குக் கே. வி. மகாதேவன் இசையமைத்தார். பாடல்களைக் கண்ணதாசன் எழுதினார். மோகனாவுக்கான பாடல்களைப் பி. சுசீலா பாடினார். கதைத்தலைவர் இசைக்கலைஞராக இருந்தும், திரையில் அவர் வாயசைத்துப் பாடும் பாடல் இல்லை. அவரது மகிழ்ச்சி, சினம், ஊடல் அனைத்தும் நாதசுவரத்தின் வழியாகவே வெளிப்படுகின்றன. அக்காலத் தமிழ்த் திரைப்படங்களில் இது அரிதாகும்.

திரையில் ஒலிக்கும் நாதசுவரத்தை வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி ஆகிய உடன்பிறந்தோர். சிக்கல் ஊர்க் கலைஞர் வாசிப்பதாகத் திரையில் தோன்றுவது மதுரைக் கலைஞர்களின் வாசிப்பே என்பது குறிப்பிடத்தக்கது. சிவாஜி கணேசனும் டி. எஸ். பாலையாவும் மூச்சுப் பிடித்தல், விரல்களின் அசைவு, கழி பிடிக்கும் முறை முதலியவற்றைக் கலைஞர்களைப் பார்த்துப் பயின்று நடித்தனர். நடிகர்களே வாசிக்கிறார்கள் என்று பார்வையாளர் பலர் நம்பும் அளவுக்கு அவர்களது நடிப்பு அமைந்தது.

தியாகராசரின் 'நகுமோமு' என்ற கீர்த்தனை ஆபேரி இராகத்தில் நாதசுவரத்தில் வாசிக்கப்படும் பகுதி பரவலாக அறியப்பட்டது. தியாகராசர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்தவர். இப்படத்துக்குப் பிறகு திருமண வீடுகளில் இக்கீர்த்தனையை வாசிக்குமாறு நாதசுவரக் கலைஞர்களைக் கேட்பது பரவலாயிற்று.

கருவிகளும் ஊர்களும்

நாதசுவரம் நாகசுரம் எனவும் வழங்கப்படும். அது ஆச்சா மரத்தால் செய்யப்படுகிறது. உலவு என்பது அதன் நீண்ட குழாய்ப் பகுதி. அணைசு என்பது அகன்ற வாய்ப்பகுதி. சீவாளி என்பது ஊதும் நாக்குப் பகுதி. சீவாளி காவிரிக் கரையில் விளையும் ஒருவகை நாணலைப் பதப்படுத்திச் செய்யப்படுவது. கலைஞர்கள் மாற்றுச் சீவாளிகளைக் கருவியிலேயே கோத்துத் தொங்கவிட்டு வைத்திருப்பர். தவில் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. ஒரு பக்கம் கழியாலும், மறுபக்கம் கூடுகள் அணிந்த விரல்களாலும் அது முழக்கப்படும்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டை நாதசுவரம் செய்வதற்குப் புகழ்பெற்ற ஊர். முன்னர் வழக்கிலிருந்த திமிரி என்ற குட்டையான, உரத்த ஒலியுடைய நாதசுவரத்தின் இடத்தில், நீளமான, கனிந்த ஒலியுடைய பாரி நாதசுவரம் இருபதாம் நூற்றாண்டில் பரவியது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898-1956) அதனைப் பரப்பினார். நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் அவருக்காகக் கருவிகளைச் செய்தளித்தனர்.

நாதசுவரக் கலைஞர்களின் தன்மதிப்புக்காகவும் இராசரத்தினம் பிள்ளை அறியப்படுகிறார். பெரிய மனிதர்கள் அமர்ந்திருக்க, நாதசுவரக் கலைஞர் நின்றுகொண்டு வாசிப்பதே அக்கால வழக்கம். அவர் மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வலியுறுத்தினார். தோடி இராக ஆலாபனைக்குப் பெயர் பெற்ற அவர், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் (1940) என்ற திரைப்படத்தில் நடித்துள்ளார். தொடர்கதை தொடங்குவதற்குச் சிறிது காலம் முன்பே அவர் காலமானார். கலைக்கு அவமதிப்பு நேர்ந்தால் வாசிப்பதை நிறுத்திவிடும் சண்முகசுந்தரத்தின் இயல்பை, இத்தகைய கலைஞர்களைக் கண்டிருந்த வாசகர்கள் மிகையாகக் கருதியிருக்கமாட்டார்கள்.

புரவலர்களும் மோகனாவும்

கதையில் மோகனாவை அடைய முயல்பவர்கள் மூவர்: ஒரு மைனர், ஒரு மிட்டாதாரர், ஒரு மகாராஜா. செல்வத்திலும் அதிகாரத்திலும் இவர்கள் ஒருவரைவிட ஒருவர் உயர்ந்தவர்கள். கலைஞர்களுக்குச் சோறிட்ட புரவலர் வகையினர் மூவருமே இவ்வாறு கதையில் இடம்பெறுகின்றனர். இவர்களுக்கும் கலைஞர் குடும்பத்துக்கும் இடையே பேசி முடிப்பவர் சவடால் வைத்தி. நகைச்சுவைப் பாத்திரமாகத் தோன்றினாலும், கதையில் நேரும் தீங்குகள் பலவற்றுக்கும் அவரே காரணமாகிறார்.

தாய் வடிவாம்பாள் கொடியவராகத் தோன்றக்கூடும். ஆனால் அவரது அச்சம் பொருளற்றதன்று. நிலமோ நிலையான வருவாயோ இல்லாத குடும்பத்தில், ஆடும் பெண்ணின் இளமை கழிந்தபின் என்ன செய்வது என்பது அவரது கவலை. சட்டம் பழைய வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் இடத்தில் வேறு வருவாய்க்கு வழி செய்யவில்லை. வடிவாம்பாளின் பேச்சில் அச்சூழலின் சாயலைக் காணலாம்.

மோகனா புரவலரை மறுப்பதுடன் ஆடலைக் கைவிடவும் மறுக்கிறார். இவ்விரண்டையும் ஒருங்கே மறுப்பதே அப்பாத்திரத்தின் சிறப்பாகும். அன்றைய சூழலில் இத்தகைய பெண்ணுக்குப் பெரும்பாலும் இரு வழிகளே இருந்தன: ஒன்று, ஆடலும் புரவலரும், மற்றொன்று, ஆடலற்ற இல்லறம். மோகனா மூன்றாவது வழியை, அதாவது தனக்கு இணையான கலைஞரை மணந்து கலையோடு வாழ்வதைத் தேர்கிறார்.

கதைக்குக் குறைகளும் உண்டு. புரவலர்களை மறுத்த மோகனா, தான் விரும்பும் சண்முகசுந்தரத்திடமும் மீண்டும் மீண்டும் தன் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. ரமாமணியின் வீட்டில் தங்கிய சண்முகசுந்தரம் மீது எழும் ஐயம் ஒரு போட்டியோடு தீர்கிறது. மோகனா மீது எழும் ஐயம் அவரை உயிரை விடத் துணியும் நிலைக்குத் தள்ளுகிறது. இவ்வேறுபாட்டைத் திரைப்படம் வினவவில்லை. ஜில் ஜில் ரமாமணியும் மேடையில் ஆடிப்பாடி வாழும் பெண்தான். ஆயினும் அவரது வாழ்வு கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

விருதுகள்

1968 ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான 16 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான விருதை இப்படம் பெற்றது. வண்ணப் படங்களுக்கான சிறந்த ஒளிப்பதிவாளர் விருது கே. எஸ். பிரசாத்துக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளும் இப்படத்துக்குக் கிடைத்தன.

ஒப்புநோக்கத்தக்க படைப்புகள்

நாதசுவரத்தை முதன்மைப்படுத்திய திரைப்படங்களுள் கொஞ்சும் சலங்கை (1962) முன்னோடியாகும். அதில் இராசரத்தினம் பிள்ளையின் மாணவரான காருகுறிச்சி அருணாசலம் நாதசுவரம் வாசித்தார். கங்கை அமரன் இயக்கத்தில் இராமராசன், கனகா நடித்த கரகாட்டக்காரன் (1989), தில்லானா மோகனாம்பாளின் கதையமைப்பைக் கரகாட்டக் கலைஞர்களுக்குப் பொருத்தி எடுக்கப்பட்டதாகும். போட்டி, காதல், பெண்ணை அடைய விரும்பும் செல்வந்தர் ஆகியவை அதிலும் உள்ளன.

மேடைக் கலைஞர்களின் வாழ்வைக் கூறும் கதை ஓர் ஊடகத்தில் பிறந்து மற்றோர் ஊடகத்தில் புகழ்பெறுவது பிற நாடுகளிலும் காணப்படுகிறது. சப்பானில் நாம்கோ நிறுவனம் 2005 இல் வெளியிட்ட 'தி ஐடல்மாஸ்டர்' என்ற நிகழ்பட ஆட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகும். இளம் பாடகியரைப் பயிற்றி மேடையேற்றுவதே இவ்வாட்டம். 2011 இல் இது ஏ-1 பிக்சர்ஸ் நிறுவனத்தால் அசைவூட்டத் தொடராக்கப்பட்டது. இரு படைப்புகளுக்கும் இடையே இரண்டு வேறுபாடுகள் குறிப்பிடத்தக்கவை. சப்பானியத் தொடரில் பாடகியரை வழிநடத்தும் தயாரிப்பாளர் அவர்களது காவலராக வருகிறார். தில்லானா மோகனாம்பாளில் கலைஞரை ஆதரிக்க முன்வருபவரே இடராக அமைகிறார். மேலும், அத்தொடரின் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த பெண்களே அப்பாடல்களையும் பாடி, நேரடி மேடை நிகழ்ச்சிகள் வழியாகவும் புகழ்பெற்றனர். தில்லானா மோகனாம்பாளில் திரையில் தோன்றியவர் ஒருவர். வாசித்தவர்கள் வேறு இருவர்.

தாக்கம்

சிக்கல் என்ற ஊர் சிங்காரவேலர் கோயிலாலும் அங்கு நடைபெறும் சூரசம்கார விழாவாலும் முன்பே அறியப்பட்டது. இப்படத்துக்குப் பிறகு நாதசுவரத்தோடும் அவ்வூரின் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. சிக்கல் சண்முகசுந்தரம் உண்மையில் வாழ்ந்த கலைஞர் என்று எண்ணுபவர்களும் உண்டு. அவர் கற்பனைப் பாத்திரமே ஆவார்.

திரைப்படத்தின் புகழ் நாதசுவரக் கலைஞர்களின் வாழ்வில் அதே அளவு மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. கோயில் ஊதியமும் திருமணப் பருவ வருவாயுமே அவர்களில் பெரும்பாலோரின் வாழ்வாதாரமாகத் தொடர்ந்தன. நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. திருவையாற்றில் உள்ள தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியில் நாதசுவரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. மரபுவழிக் குடும்பங்களுக்கு வெளியே உள்ளவர்களும், பெண்களும் இக்கருவிகளை இன்று பயில்கின்றனர்.

ஆடற்கலைஞர்களைப் பொறுத்தவரை, இப்படம் வெளிவந்த காலத்தில் சின்ன மேளம் கோயில்களில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதன் மரபில் வந்த பெண்களில் பலர் தம் பெயரும் ஆடலும் பதிவு செய்யப்படாமலேயே காலமாயினர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 400 பெண்களின் பெயர்கள் இன்றும் உள்ளன. அண்மைக் காலத்தவரைப் பற்றி அத்தகைய பட்டியல் எதுவும் பொறிக்கப்படவில்லை. அவர்களைப் பற்றிப் பொதுமக்கள் பலரும் அறிந்திருப்பது திருவாரூர் மோகனாம்பாள் என்ற கற்பனைப் பெயரை மட்டுமே ஆகும்.